நாற்பது பீப்பாய் மேல ஒரு கேஸ்

போன பரீட்சை சமயத்தில் ஒரு நாள் ராத்திரி பன்னிரண்டரை மணிக்குத் தம்பி வீட்டிலிருந்து போன். பிளஸ் டூ படிக்கிற அவன் பையனுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை நடுங்குது, உட்காரவும் முடியலை, நிக்கவும் முடியலைன்னு. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொன்ன டாக்டர் அடுத்துக் கேட்ட கேள்வி: "என்னப்பா குடிச்சே?" சாயங்காலத்திலிருந்து மூணு கேன் எனர்ஜி டிரிங்க். நடுவில் அம்மா போட்டுக் கொடுத்த காபி ரெண்டு டம்ளர்.

மறுநாள் நான் அவனைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். பையன் ரொம்ப நிதானமா, "பெரியப்பா, நீங்க ஒரு நாளைக்கு நாலு காபி குடிக்கறீங்க. அதுல இருக்கறதுதானே இதுலயும் இருக்கு? அது நல்லது, இது மட்டும் விஷமா?" என்றான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

அப்புறம் தேடித் தேடிப் படித்ததில் தெரிந்தது, இதே கேள்வி நூறு வருஷத்துக்கு முன்னாடியே அமெரிக்காவில் கோர்ட் படி ஏறியிருக்கிறது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், காபித்தண்ணி கையில் இருந்தால் நல்லது :-)

முதலில் இந்தக் காஃபீன் யார் கண்ணில் பட்டது என்று பார்த்துவிடலாம். 1819-ல் ஜெர்மனியில் ஃப்ரீட்லீப் ஃபெர்டினாண்ட் ரூங்கே என்று ஒரு இளம் வேதியியலாளர். பெல்லடோனா என்ற விஷச்செடியின் சாறு பூனையின் கண்மணியை எப்படி விரிய வைக்கிறது என்று மகாகவி கோத்தேவுக்குச் செய்து காட்டினார். கோத்தேவுக்கு ஒரே சந்தோஷம். கையில் கொஞ்சம் காபிக்கொட்டையைக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறதென்று பாரேன் என்று அனுப்பினார். ரூங்கே அதிலிருந்து பிரித்தெடுத்த வெள்ளைப் பொடிதான் காஃபீன். தேயிலையில் தனியாகக் கண்டுபிடித்து வேறு பெயர் வைத்திருந்த சரக்கும் இதுவேதான் என்று 1838-ல் தெரிந்துபோனது. காபியோ டீயோ, உள்ளே இருக்கிற ஆள் ஒருத்தர்தான்.

பிரித்தெடுக்க முடிந்தது என்றால் என்ன அர்த்தம்? இனிமேல் அதை எதில் வேண்டுமானாலும் கலக்கலாம். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

இப்போ அமெரிக்கா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சாப்பாட்டில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாலில் ஃபார்மலின், இறைச்சியில் போராக்ஸ். இதை எதிர்த்துக் கிளம்பினவர் ஹார்வி வாஷிங்டன் வைலி. அமெரிக்க விவசாயத் துறையின் வேதியியல் பிரிவுத் தலைவர். 1902-ல் இளைஞர்கள் சிலரைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, மேஜை போட்டு உட்கார வைத்து, சாப்பாட்டோடு போராக்ஸ் மாதிரியான பொருட்களைக் கொடுத்து என்ன ஆகிறதென்று குறித்தார். பத்திரிகைகள் அந்தக் குழுவுக்கு 'விஷப்படை' என்று பெயரே வைத்துவிட்டன. அவர் போட்ட கூச்சலுக்குப் பலன், 1906-ல் வந்த தூய உணவு, மருந்துச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. மதுசாரம், மார்ஃபின், அபின், கொகெய்ன், ஹெராயின் இதெல்லாம் மருந்தில் இருந்தால் எவ்வளவு இருக்கிறதென்று லேபிளில் போட்டே ஆகணும். காஃபீன் அந்தப் பட்டியலில் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

வைலியின் கண் கோகோ கோலா மேல் விழுந்தது. அதில் முன்னாடி இருந்த கொகெய்ன் அதற்குள் போய்விட்டது. மிச்சம் இருந்தது காஃபீன். ஒரு அவுன்ஸ் சிரப்பில் சுமார் 1.2 கிரெயின். கிரெயின் என்பது பழைய மருந்துக்கடை எடை, ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஒரு கிளாஸுக்கு ஒரு அவுன்ஸ் சிரப் என்று வைத்தால், கிளாஸுக்கு 78 மில்லிகிராம். அதாவது ஒரு சின்னக் கப் காபிக்குச் சமானம். வைலி சொன்னது இதுதான்: காபி குடிக்கிறவனுக்குத் தான் என்ன குடிக்கிறோம் என்று தெரியும், ஆனால் தாகத்துக்குச் சோடா கடையில் இனிப்புத் தண்ணி வாங்கிக் குடிக்கிற சின்னப் பிள்ளைக்குத் தெரியுமா?

1909 அக்டோபரில் அட்லாண்டாவிலிருந்து டென்னஸி மாநிலத்தின் சட்டனூகாவுக்குப் போன சரக்கை அரசாங்க ஆட்கள் மடக்கினார்கள். 40 பெரிய பீப்பாய், 20 சின்னப் பீப்பாய், எல்லாம் சிரப். வழக்கின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும்: 'அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் நாற்பது பீப்பாய், இருபது சிறு பீப்பாய் கோகோ கோலா'. ஆமாங்க, பறிமுதல் செய்த சரக்கு பேரிலேயே கேஸ் போடும் வழக்கம் அங்கே உண்டு. குற்றச்சாட்டு ரெண்டு. ஒண்ணு, உடம்புக்குக் கெடுதலான காஃபீனைச் 'சேர்த்திருக்கிறார்கள்' என்ற கலப்படக் குற்றம். ரெண்டாவது, பெயர் சொல்கிற மாதிரி சரக்கு இல்லை என்ற தவறான முத்திரைக் குற்றம்.

விசாரணை 1911 மார்ச்சில். கம்பெனிக்கு ஒரு இக்கட்டு. காஃபீன் மனுஷன் மூளைக்கும் கைக்கும் என்ன செய்கிறது என்று ஒழுங்கான சோதனை அதிகம் இல்லை. விலங்குக்குக் கொடுத்துப் பார்த்தது இருக்கிறது, டாக்டர்களின் அபிப்பிராயம் இருக்கிறது. தீர்ப்பு வாங்க அது போதாது. அதனால் ஒரு உளவியலாளரைத் தேடினார்கள். பெயர் பெற்ற சிலர் ஒதுங்கிக்கொண்டார்கள். கம்பெனி காசு வாங்கி ஆராய்ச்சி செய்தால் ஊர் என்ன சொல்லும்?

கடைசியில் ஒத்துக்கொண்டவர் ஹாரி ஹாலிங்வொர்த். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, பார்னார்டு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இளைஞர். சம்பளம் சொற்பம். மனைவி லீட்டா படித்தவர், ஆசிரியையாக இருந்தவர். ஆனால் கல்யாணமான பெண்களுக்கு நியூயார்க் பள்ளிகளில் அப்போது வேலை கிடையாது. மேலே படிக்கவும் காசில்லை. கம்பெனி தந்த பணம் அவர் படிப்புக்கு உதவியது. பின்னாளில், 1916-ல், லீட்டா டாக்டர் பட்டமே வாங்கினார்.

அப்போ காசுக்காகச் செய்த ஆராய்ச்சிதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஹாலிங்வொர்த் போட்ட நிபந்தனைகளைப் பாருங்கள். முடிவு கம்பெனிக்குச் சாதகமோ பாதகமோ, பிரசுரிக்க எனக்கு உரிமை வேண்டும். என் பெயரையோ பல்கலைக்கழகத்தின் பெயரையோ விளம்பரத்தில் போடக் கூடாது. எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலையில் இறங்கினார்.

மன்ஹாட்டனில் ஒரு அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் 16 பேர், பத்து ஆண்கள், ஆறு பெண்கள். நாள்தோறும் நடந்த சோதனைகளைப் பார்த்துக்கொண்டவர் லீட்டா. விரலால் எவ்வளவு வேகமாகத் தட்ட முடிகிறது, கை எவ்வளவு ஆடாமல் நிற்கிறது, நிறங்களின் பெயரை எவ்வளவு சீக்கிரம் சொல்ல முடிகிறது, கணக்கு எவ்வளவு வேகமாக வருகிறது, எதிர்ச்சொல் எவ்வளவு சீக்கிரம் வருகிறது... இப்படி நாள் முழுக்க. ராத்திரி எப்படித் தூங்கினாய் என்பதும் நோட்டில் ஏறும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். சிலருக்குக் கொடுத்த கேப்சூலில் காஃபீன், சிலருக்குக் கொடுத்ததில் வெறும் பால் சர்க்கரை. யாருக்கு எது என்று முழுங்கினவருக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது. இன்றைக்கு ஒரு மாத்திரை சந்தைக்கு வரணும் என்றால் கட்டாயம் நடக்கிற சோதனை முறை இது. 1911-ல் இவ்வளவு கறாராகச் செய்தது அபூர்வம். ஒரு கிரெயினிலிருந்து ஆறு கிரெயின் வரை அளவை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கேப்சூல் முடிந்ததும், காஃபீன் போட்ட சிரப், போடாத சிரப் என்று கோகோ கோலாவையே வைத்து இன்னொரு சுற்று.

கிடைத்தது என்ன? சின்ன அளவில் கை வேகம் கூடியது. யோசிக்கிற வேலைகள் பலவும் கொஞ்சம் சுறுசுறுப்பாயின. ஏறின வேகம் இறங்கும்போது, இருந்ததைவிடக் கீழே விழுந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அளவு ஏற ஏறக் கை நடுங்கியது. சின்ன அளவில் பெரும்பாலோருக்குத் தூக்கம் கெடவில்லை. பெரிய அளவில் கெட்டது. உடம்பு எடை குறைந்தவர்களையும், வெறும் வயிற்றில் எடுத்தவர்களையும் அது அதிகமாகத் தாக்கியது.

இந்தப் பத்தியைப் படித்ததும் நான் எழுந்துபோய்த் தண்ணி குடித்துவிட்டு வந்தேன். 'நல்லதா, விஷமா' என்று அந்த 16 பேரை வைத்து அவர்கள் கேட்கவே இல்லை. எவ்வளவு, யாருக்கு, எப்போ, வயிற்றில் என்ன இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அந்த நாலு கேள்வியில் இருந்தது.

சரி, கோர்ட்டில் என்ன ஆச்சு? ஹாலிங்வொர்த் சாட்சி சொன்னார். ஆனால் காஃபீன் கெடுதலா இல்லையா என்று ஜூரி முடிவு செய்யவே இல்லை! நீதிபதி எட்வர்ட் டெர்ரி சான்ஃபோர்ட் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கோகோ கோலாவின் செய்முறையிலேயே காஃபீன் இருக்கிறது, அப்படியானால் அதை எப்படிச் 'சேர்த்த' பொருள் என்று சொல்ல முடியும் என்று கேட்டு, கம்பெனி பக்கம் தீர்ப்பு சொல்லும்படி ஜூரிக்கு உத்தரவு போட்டுவிட்டார். அத்தனை அளவெடுப்பும் ஓரமாக நின்றது. அடுத்த வருஷம், 1912-ல், வைலி பதவியை விட்டு வெளியேறினார். ஹாலிங்வொர்த்தின் ஆய்வு அதே வருஷம் நூலாக வந்தது.

வழக்கு அதோடு முடியவில்லை. 1916 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் எழுதிய தீர்ப்பு, கீழ்க் கோர்ட் சொன்னதைத் திருப்பிப் போட்டது. செய்முறையில் இருக்கிறது என்பதாலேயே ஒரு பொருள் 'சேர்த்ததில்லை' என்று ஆகிவிடாது. அப்படி விட்டால் நாளைக்கு யாரும் செய்முறையிலேயே விஷத்தை எழுதி வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கெடுதலா இல்லையா என்பதை விசாரிக்க வழக்கு மறுபடி கீழே வந்தது. ஆனால் விசாரணை நடக்கவில்லை. 1917-ல் சமரசம். கம்பெனி காஃபீனைப் பாதியாகக் குறைத்தது, வழக்குச் செலவைக் கட்டியது. இன்றைக்கு 355 மில்லி கோகோ கோலாவில் இருப்பது 34 மில்லிகிராம்.

எட்டு வருஷ வழக்கில் கோர்ட் பதில் சொல்லாத கேள்விக்கு, ஒரு வாடகை வீட்டில் சில வாரங்களில் பாதி பதில் கிடைத்துவிட்டது. மீதிப் பாதி அப்புறம் மெல்ல மெல்லச் சேர்ந்தது.

இன்றைக்குத் தெரிந்த கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள், 'போதும்பா, தூங்கு' என்று சொல்லும் ஆள். காஃபீன் அது உட்கார வேண்டிய நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். அலுப்பு போய்விடாது, அலுப்பின் தகவல்தான் வந்து சேராது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் போய்விடும். கர்ப்பத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இரட்டிப்பு நேரம் ஆகலாம். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் அதைவிடவும் நேரம் எடுக்கும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே தடவையில் 200 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 400 வரை கவலை இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் நாளைக்கு 200. பிள்ளைகளுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். ஹாலிங்வொர்த் கொடுத்த பெரிய அளவு ஆறு கிரெயினை மில்லிகிராமாக மாற்றிப் பாருங்கள். 390! கை நடுங்கி, தூக்கம் கெட்டது அந்தப் பக்கம்தான். அதை ஒரே தடவையில் எடுப்பதும், நாள் முழுக்கப் பிரித்து எடுப்பதும் வேற வேற.

நம்ம ஊர்க் கணக்கும் உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோடு சேர்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120, இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ரெண்டுமே வேண்டாம், இரும்புச் சத்து உடம்பில் சேராது என்றும் சொல்கிறது. நம்ம பில்டர் காபியில் சிக்கரி எவ்வளவு கலக்கிறோமோ அவ்வளவு காஃபீன் குறையும், சிக்கரியில் அது கிடையாது. சிக்கரி போட்ட காபியை மட்டமாகப் பேசுகிற என் சித்தப்பா கவனிக்கவும்.

நம் ஊரில் காபி வந்த காலத்திலும் சண்டை நடந்திருக்கிறது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இங்கே அதிகம் கவலைப்பட்டது பண்பாடு பற்றி. எத்தனை மில்லிகிராம் என்று கேட்க நமக்கு ரொம்ப நாள் ஆனது.

இப்போ பையன் கணக்கு. எனர்ஜி டிரிங்குக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, லிட்டருக்கு அதிகபட்சம் 300 மில்லிகிராம். ஆக 250 மில்லி கேனில் 75. மூணு கேன் 225. காபி ரெண்டு டம்ளர், குறைவாகவே வைப்போம், 160. மொத்தம் 385. அவன் எடை 55 கிலோ. கிலோவுக்கு 3 என்றால் அவனுக்கு 165-தான். இரட்டிப்புக்கும் மேலே, அதுவும் அஞ்சு மணி நேரத்துக்குள்ளே, ராத்திரியில், சரியாகச் சாப்பிடாமல். ஹாலிங்வொர்த் எதையெல்லாம் எச்சரித்தாரோ அத்தனையும் ஒரே மேஜையில்!

அந்தக் கேனை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது. நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உகந்ததல்ல. வைலி கேட்டதில் பாதியாவது நடந்திருக்கிறது என்று அவர் ஆத்மா சாந்தியடையலாம். ஆனால் அவர் ஊரிலேயே, சேர்த்த காஃபீனின் பெயரை லேபிளில் போடணும், எவ்வளவு என்று போடக் கட்டாயம் இல்லை. 1906 பட்டியலில் விட்டுப்போன வரி இன்னும் முழுசாக எழுதப்படவில்லை. விட்டுப்போனதன் விலை சின்னதில்லை. காஃபீன் பொடியை நேரடியாக வாங்கிச் சாப்பிட்டு இளைஞர்கள் இறந்த பிறகு, 2014-ல் அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. அந்தப் பொடி ஒரு டீஸ்பூன் என்பது சுமார் 28 கப் காபி. கோத்தே கொடுத்த காபிக்கொட்டை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

பையனைக் கூப்பிட்டு இந்தக் கணக்கை அவன் கையாலேயே போட வைத்தேன். 385 வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பெரியப்பா, இப்ப உங்க கணக்கைப் போடுவோம்" என்றான். போட்டோம். நாலு காபி, ஒண்ணுக்கு 100 என்றால் 400. இதில் நாலாவது ராத்திரி ஏழரைக்கு. படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது என்று 2013-ல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருவதை வயசுக் கோளாறு என்று இத்தனை வருஷமா நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தம் போட்டோம். அவன் கேனை விட்டுவிடுவான், படிக்கிற நாளில் ஒரே ஒரு காபி. நான் மத்தியானம் ரெண்டு மணியோடு நிறுத்திக்கொள்வேன். திடீரென்று மொத்தமாக விட்டால் 12-லிருந்து 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பித்து, சில நாள் வரை படுத்தும். அதனால் ஒவ்வொரு வாரமும் ஒரு டம்ளர் குறைப்பது என்று முடிவு. நீங்களும் குறைக்கிறதாக இருந்தால் அப்படியே செய்யுங்கள். நெஞ்சில் படபடப்பு, ரத்தக் கொதிப்பு, மாத்திரை எதுவும் இருந்தால் எனக்குப் பின்னூட்டம் போடாமல் டாக்டரைக் கேளுங்கள்.

ரெண்டு வாரம் ஆச்சு. ஏழரை மணிக் காபியும் சாயங்காலக் காபியும் போயே போச்சு. ரெண்டு மணி முழிப்பு நின்றுவிட்டதா என்றால், பாதிதான். மூணரைக்கு வருது. இருக்கட்டும், ஒன்றரை மணி நேரம் லாபம்.